லாரியில் வராத ரெடிமேட் வீடு

மணப்பட்டு, கிருமாம்பாக்கம், பாகூர் பக்கம் மனை வாங்கியவர்கள் இப்போது முதலில் போடுவது ரெடிமேட் காம்பவுண்டு. இரு பக்கமும் காடி விட்ட கான்கிரீட் தூண்களை நூல் பிடித்து நட்டு, பலகைகளை மேலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிவிடுகிறார்கள். கொத்து வேலை இல்லை, பூச்சு இல்லை. ஒரு பலகை உடைந்தால் மேலே இருப்பவற்றை உருவிவிட்டு வேறொன்றைச் சொருகலாம். மனை கைமாறினால் சுவரையே கழற்றி எடுத்துப் போகலாம். கழிவறைத் தொட்டிக்கும் அப்படித்தான்; பள்ளம் பறித்து, பட்டறையில் வார்த்த உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குகிறோம். கீழடியில் சுடுமண் உறைகிணறுகள் கிடைத்திருப்பதைப் பார்த்தால் இந்த உத்திக்கு இரண்டாயிரம் வயதுக்கு மேல் ஆகிறது. ஆக, ஓரிடத்தில் ஒரே அளவில் செய்து இன்னோரிடத்தில் கோக்கும் கட்டுமானம் நம் கிராமங்களுக்குப் புதிதில்லை. வேலிக்கும் கிணற்றுக்கும் அதை ஏற்றுக்கொண்ட ஊர், குடியிருக்கும் வீடு என்று வந்தால் மட்டும் செங்கல்லையும் சென்ட்ரிங்கையும் விட்டு நகர மறுப்பது ஏன்?

ஊர்க்காரர்களுக்கு விவரம் போதாது என்று பதில் சொல்வது சுலபம். அது தப்பான பதில். மாடுலர் வீடு என்ற பெயரில் இதுவரை மக்கள் முன் நீட்டப்பட்டது பெரும்பாலும் முழு வீடு. தொழிற்சாலையிலேயே முடிந்து, லாரியில் வந்து, கிரேனில் இறங்கி, சாவியோடு கைக்கு வருவது. அதில் வீட்டுக்காரர் செய்ய ஒன்றும் இருக்காது. பத்து வருஷம் கழித்து மாற்றவும் வழி இருக்காது. பாகம் பாகமாகச் செய்து, பாகம் பாகமாகவே பிரியும் வீடு வேறு சங்கதி. அதை உள்ளூர்ப் பட்டறையில் செய்யலாம், நாலு பேர் தூக்கலாம், கெட்டுப்போன பாகத்தை மட்டும் மாற்றலாம். புதுச்சேரியின் தெற்குக் கரைக்கு ஆகி வருவது இந்த இரண்டாவது வகைதான் என்பது என் எண்ணம். அதற்கான காரணம் பாதி வரலாற்றிலும், பாதி இந்த ஊரின் காற்றிலும் உப்பிலும் இருக்கிறது.

முழு வீட்டு ஆசை இந்தியாவில் சுதந்திரத்தோடு சேர்ந்தே பிறந்தது. பிரிவினையில் வந்தவர்களுக்கு அவசரமாக வீடு வேண்டியிருந்தது. நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறி மைசூர் சமஸ்தானத்தில் கட்டடக் கலைஞராக இருந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர், நேரு அரசில் வீட்டு வசதி இயக்குநரானார். டெல்லியில் அரசே வீட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அங்கே வார்த்த நுரைக் கான்கிரீட் பலகைகள் விரிசல் விட்டன. திட்டம் நாடாளுமன்றம்வரை சந்தி சிரித்தது. 1953-இல் இந்துஸ்தான் ஹவுசிங் ஃபேக்டரி என்று நிறுவனமாகி, பிறகு இந்துஸ்தான் பிரீஃபேப் ஆன அந்தத் தொழிற்சாலை மின்கம்பமும் ரயில்வே ஸ்லீப்பரும் செய்து பிழைத்தது. வீட்டில் தோற்ற இடம் கம்பத்தில் ஜெயித்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கம்பம் ஒரு பாகம். எங்கே நட்டாலும் அதே வேலையைச் செய்யும். வீடு அப்படி இல்லை.

டோக்கியோவில் 1972-இல் கிஷோ குரோகாவா கட்டிய நாககின் காப்சூல் கோபுரம் இன்னும் பேர்பெற்ற உதாரணம். 140 அறைப் பெட்டிகளை இரண்டு கோபுரத் தண்டுகளில் போல்ட் போட்டு மாட்டினார். இருபத்தைந்து ஆண்டுக்கொரு முறை பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டலாம் என்பது திட்டம். ஒரு பெட்டிகூட மாற்றப்படவில்லை. கீழே இருப்பதை எடுக்க மேலே இருப்பதை எடுக்க வேண்டியிருந்தது. எல்லாக் குடியிருப்பாளரும் ஒரே நேரத்தில் ஒத்துக்கொள்வது எந்த நாட்டில் நடக்கும்? 2022-இல் கோபுரத்தையே பிரித்தார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் ஈழத்தில் கிடைத்தது. போருக்குப் பின் இந்தியா அறிவித்த 50,000 வீடுகளில் 46,000 வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு. 550 சதுர அடி. பணம் தவணை தவணையாக வீட்டுக்காரர் கணக்குக்கே போனது. கல் வாங்குவது, மேசன் பிடிப்பது எல்லாம் அவர் பாடு. குறைகள் இருந்தன, மணலும் ஓடும் கூலியும் விலையேறி, கடன் வாங்கி முடித்த குடும்பங்கள் உண்டு. ஆனாலும் வீடு அவரவர் வீடாக இருந்தது. பிறகு 2015, 2016 வாக்கில் இலங்கை அரசு 65,000 உருக்கு வீடுகளை ஆர்செலர் மிட்டல் நிறுவனத்தைக் கொண்டு பொருத்தித் தரத் திட்டமிட்டது. ஒன்றுக்குச் சுமார் 21 லட்சம் இலங்கை ரூபாய். அதில் பாதி இருந்தால் கல்வீடு கட்டலாம் என்று தமிழ் அரசியல்வாதிகளும் சமூக ஆய்வாளர்களும் பொறியாளர்களும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். தகரம் காயும், கடற்காற்றில் துருப்பிடிக்கும், அஸ்திவாரம் போதாது, விறகடுப்பு எரிக்கப் புகைபோக்கி வைத்த குசினி இல்லை, பிற்பாடு ஓர் அறை சேர்க்க முடியாது, உள்ளூர் மேசனுக்கும் ஓடாவிக்கும் ஒரு நாள் கூலிகூட மிஞ்சாது என்று ஆட்சேபங்கள் அடுக்கடுக்காக வந்தன. திட்டம் அறிவித்தபடி நடக்கவில்லை.

அந்த எதிர்ப்பை உருக்கின் மீதான கோபமாகச் சுருக்கிப் படிப்பது சரியில்லை. நல்ல வர்ணம் பூசிய குழாய்ச் சட்டம் எத்தனையோ பட்டறைகளைத் தாங்கி நிற்கிறது. விவாதத்தின் உள்ளே இருந்த கேள்வி, வீட்டுக்குச் செலவாகும் பணம் ஊருக்குள் சுற்றுமா, ஊரைத் தாண்டிப் போய்விடுமா என்பதுதான். மாடுலர் வீட்டைப் பற்றிப் பேசும் வடிவமைப்பாளர்கள் கார்பன் கணக்கைப் பத்துப் பக்கத்துக்கு எழுதிவிட்டு, இந்தக் கணக்கை அடிக்குறிப்பில் விட்டுவிடுகிறார்கள்.

இனி மணப்பட்டு. புதுச்சேரி–கடலூர் சாலைக்குக் கிழக்கே, தென்னையும் சவுக்கும் நிற்கும் மணல் பூமி. கரையை ஒட்டி மூர்த்திக்குப்பம், புதுக்குப்பம், பன்னித்திட்டு, நரம்பை போன்ற மீனவர் ஊர்கள். மேற்கே பாகூர் ஏரிப் பாசனத்தின் களிமண் வயல்கள், தெற்கே தென்பெண்ணை. 2004 சுனாமி இந்தக் கரையைத் தொட்டது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே, அதாவது ஏறக்குறைய இந்த ஊர்களின் தலைமேலேயே, மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் கரையேறியது. 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் மழை; அடுத்த நாளே சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வீதம் திறந்த நீர் பாகூர்ப் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தது. காற்று ஒரு முறை, நீர் ஒரு முறை என்று மாறி மாறி வருகிற ஊர் இது. ஒன்றுக்கு ஏற்றது மற்றதற்கு ஆகாது. கனமான வீடு காற்றைத் தாங்கும். நனைந்த களிமண்ணில் இறங்கும். லேசான வீட்டைத் தூணில் உயர்த்தி வெள்ளத்துக்குத் தப்பிக்கலாம். காற்று அதைத் தூக்கும்.

காற்று எவ்வளவு தூக்கும் என்று ஒரு கணக்குப் பார்க்கலாம். இந்தியத் தர நிர்ணயம் புதுச்சேரிக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் ஏறக்குறைய 150 கிலோ. 10 அடிக்கு 20 அடி ஷீட் கூரை என்றால் 18 சதுர மீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். மொத்தத்தில் இரண்டே முக்கால் டன். கூரையின் சரிவையும் சுவரின் திறப்பையும் பொறுத்து இது கூடும், குறையும். தகர ஷீட்டின் சொந்த எடையோ சதுர மீட்டருக்கு ஐந்து கிலோவைத் தாண்டாது. ஆகவே ஷீட் வீட்டைப் பொறுத்தவரை கூரை கீழே விழுமா என்று கவலைப்பட வேண்டியதில்லை. மேலே பறக்குமா என்பதுதான் கவலை. கொக்கி போல்ட்டில் தொடங்கி, பர்லின் வழியாகத் தூணுக்கு இறங்கி, தூணிலிருந்து அஸ்திவாரம்வரை ஒரே சங்கிலியாகக் கட்டு இருக்க வேண்டும். எங்கே ஒரு கண்ணி விட்டாலும் அங்கே பிய்யும். நான்கு அங்குல கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 250 கிலோ இருக்கும். தன் எடையாலேயே உட்கார்ந்துகொள்ளும். தானேவுக்குப் பிறகு கான்கிரீட் தளம் போட்ட மெத்தை வீட்டின் மேல் மக்களுக்கு ஏற்பட்ட பிடிப்பைக் கௌரவ ஆசை என்று ஒதுக்க முடியாது. அது இயற்பியல்.

ஆனால் மெத்தை வீட்டுக்கு உப்பு எமன். கடற்காற்றில் படும் கான்கிரீட்டுக்குக் கம்பிக்கு மேல் 45 மி.மீ. மறைப்பு வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை. தொகுப்பு வீட்டுத் தளங்களில் கம்பிக்குக் கீழே விரற்கடை கனம்கூட இல்லாமல் வார்த்திருப்பது கண்கூடு. உப்பு மணலும் சவர்த் தண்ணீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சில ஆண்டுகளில் உள்பக்கம் பூச்சு உப்பும், பிறகு பாளம் பாளமாகப் பெயரும், சிவந்த கம்பி தெரியும். அதற்குள் வீட்டுக்காரர் தளத்துக்குக் கீழே கட்டில் போடுவதை நிறுத்திவிட்டுத் தாழ்வாரத்தில் படுக்கத் தொடங்கியிருப்பார். மே மாதத்தில் எப்படியும் அங்கேதான் படுப்பார். பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் இரவில்தான் கக்கும்.

பொருள்களின் கதைக்கு வருவோம். புதுச்சேரிக்கு இந்த விஷயத்தில் ஒரு யோகம் உண்டு. உலகத்தின் சோதனைகள் பலவும் பக்கத்திலேயே நடக்கின்றன. அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து 1930-களின் இறுதியில் கட்டத் தொடங்கிய கோல்கொண்டே விடுதி, முழு முகப்பையும் திருப்பி மூடித் திறக்கும் பலகைகளால் ஆனது. ஒரே பலகையின் நூற்றுக்கணக்கான பிரதிகள்தான் அதன் அழகு. ஆரோவில்லில் 1989-இல் ஹட்கோ உதவியோடு தொடங்கிய கட்டட மையம் இன்று ஆரோவில் மண் நிறுவனம். சுமார் 5 சதவீதம் சிமெண்டு கலந்து அச்சில் அழுத்திய மண்கல்லை உலகமெங்கும் கொண்டு போனது. சூளை இல்லை, விறகு இல்லை. குஜராத் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒன்றோடொன்று கோக்கும் துளைக் கற்களையும் அது பரப்பியது. நல்ல வழி, ஆனால் அப்படியே மணப்பட்டுக்கு வராது. ஆரோவில், காலாப்பட்டு மேட்டின் செம்மண் அந்தக் கல்லுக்கு வாய்த்த மண். இங்கே ஒரு பக்கம் மணல், மறுபக்கம் பிளவுபடும் களி. களிக்கு மணலும் சுண்ணாம்பும் சேர்த்துச் சரிக்கட்டலாம், பரிசோதித்துப் பார்த்து. வடக்கேயிருந்து செம்மண்ணை லாரியில் அடிப்பது என்றால் மண்வீட்டுக்கே அர்த்தமில்லை. வெள்ளம் நிற்கும் மட்டம்வரை சுட்ட கல், அதற்கு மேல் மண்கல் என்பது கௌரவமான சமரசம்.

ஆரோவில்லில் பணிபுரிந்த கட்டடக் கலைஞர் அனுபமா குண்டூவின் 'ஃபுல் ஃபில் ஹோம்ஸ்' நம் கேள்விக்கு இன்னும் நேரான பதில். கோழிவலை வைத்து வார்த்த ஃபெரோசிமெண்டுப் பெட்டிகளே சுவர். பெட்டியின் உள்ளிடமே அலமாரி. கொத்தனார்கள் தங்கள் கொல்லையிலேயே வார்க்கலாம், ஆறு நாளில் கோத்து நிறுத்தலாம், பிரித்தும் எடுக்கலாம். சிறிய வீட்டில் பீரோ அடைக்கும் இடத்தைச் சுவரே விழுங்கிக்கொள்வது கெட்டிக்கார யோசனை. எனக்குள்ள தயக்கம் உப்பைப் பற்றியது. ஓர் அங்குல கனத்துக்குள் கம்பிவலைக்கு மறைப்பு என்று என்ன மிஞ்சும்? கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் என்றால் துத்தநாகம் பூசிய வலை, அடர்ந்த கலவை, முறையாக நல்ல தண்ணீரில் பதப்படுத்துதல் மூன்றும் கட்டாயம். மூன்றாவதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

சென்னை ஐஐடியில் 2013-இல் உரத் தொழிற்சாலைக் கழிவான ஜிப்சத்தில் செய்த பலகைகளால் ஒரு மாதத்தில் நாலு வீடுகள் கொண்ட மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். கழிவு வீடாகிறது, வரவேற்க வேண்டியதுதான். பலகையோ 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், ஒன்றரை டன்னுக்கு மேல். பெரிய திட்டங்களுக்குச் சரி. பாகூர்ப் பக்கத் தெருவில் டிரெய்லர் திரும்புவதற்குள் திண்ணை நாலு போகும். 2021-இல் அதே வளாகத்தில் முப்பரிமாண அச்சில் 600 சதுர அடி வீடு வந்தது, படம் பிடித்தார்கள். பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் வார்ப்புப் பாகங்களால் கட்டப்பட்டு 2022-இல் திறக்கப்பட்டன. அது அடுக்குமாடிக் கணக்கு. ஆயிரம் வீட்டை ஒரே இடத்தில் கட்டினால்தான் கிரேனுக்குக் கூலி கட்டும். கிராமத்தில் வீடு ஒன்றொன்றாக, ஒரு கல்யாணத்துக்கு முன்னால், ஒரு சீட்டு எடுத்த பின்னால் முளைக்கிறது.

வளர்கிற வீடு என்பதைச் சென்னை ஒருகாலத்தில் நன்றாகவே புரிந்து வைத்திருந்தது. 1977-இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம் போன்ற இடங்களில் மனையும் குழாயும் வடிகாலும் கொடுத்து, வீட்டை மக்களிடமே விட்டார்கள். இந்தூரின் ஆரண்யாவில் பி.வி. தோஷி ஒரு கழிவறையும் அடுப்படியும் மட்டும் நட்டுக் கொடுத்து மீதியைக் குடும்பங்களுக்கு விட்டார். 1995-இல் ஆகா கான் விருது கிடைத்தது. சிலி நாட்டில் அலெஹாந்த்ரோ அரவேனா, நல்ல வீட்டில் பாதியை அரசுப் பணத்தில் கட்டி, மறுபாதிக்கு இடைவெளி விட்டு வைத்தார். பெயர்கள்தான் வேறு. கடினமானதையும் பொதுவானதையும் அரசு செய்யட்டும், லேசானதைக் குடும்பம் செய்துகொள்ளும் என்ற ஒரே புத்திதான் மூன்றிலும்.

நம் அரசு வீட்டுத் திட்டங்கள் இதற்கு எதிர்த்திசையில் நடந்தன. 2011-இல் அறிவித்த தமிழகத்தின் பசுமை வீடு 300 சதுர அடி. 2024-இன் கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி, மூன்றரை லட்சம். சுனாமிக்குப் பிறகு கரையோரம் தொண்டு நிறுவனங்களும் ஒப்பந்தக்காரர்களும் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளும் ஏறக்குறைய இந்த அளவுதான். நிழல் தந்த மரங்களை வெட்டித் தரையைச் சமன்படுத்தி, திசை பார்க்காமல் நிறுத்திய வரிசைகள் அவற்றில் உண்டு. எல்லாமே முடிந்த வீடு என்ற பாவனையில் கொடுக்கப்பட்டவை. குடும்பமோ அதைத் தொடக்கமாகத்தான் எடுத்துக்கொண்டது. அடுத்த வருஷமே முன்னால் ஒரு ஷீட் சார்ப்பு, பின்னால் கீற்றுக் குளியலறை, மகனுக்குக் கல்யாணம் என்றால் மாடியில் ஒரு அறை. வடிவமைப்பில் இடம் இல்லாததால் ஒவ்வொன்றும் உடைத்துச் செய்ய வேண்டியதாகிறது. தளத்தின் ஓரத்தில் சுத்தியலால் தட்டிக் கம்பியைத் தேடி, அதில் புதுக்கம்பியைக் கட்டுகிறார்கள். தண்ணீர் இறங்க அந்த ஒரு ஓட்டை போதும்.

அப்படியானால் மணப்பட்டில் என்ன கட்டலாம்? அங்கணத்தில், அதாவது தூண்களுக்கு நடுவே உள்ள கட்டத்தில் இருந்து தொடங்கலாம். 10 அடிக்கு 10 அடி. கடையில் இரும்புக் குழாய் 20 அடி நீளம் வருகிறது, முறுக்குக் கம்பி 40 அடி. 10 அடி அங்கணம் வைத்தால் இரண்டிலும் துண்டு விழாது. மூன்று அங்கணம் சேர்ந்தால் பசுமை வீட்டின் அளவான 300 சதுர அடி. இதில் ஓர் அங்கணம் மட்டும் கெட்டி: சுட்ட கல் சுவர், சரியான மறைப்போடு கான்கிரீட் தளம், ஒட்டினாற்போல் கழிவறையும் குழாயும். புயல் இரவில் குடும்பமும் ரேஷன் அட்டையும் அங்கே இருக்கும். மற்ற இரண்டும் லேசு: அஸ்திவாரத்தோடு கட்டிய தூண்கள், ஓட்டுக் கூரையோ உள்ளே கீற்றுத் தட்டி கொடுத்த ஷீட்டோ, தூணுக்கு நடுவே சொருகும் பலகைச் சுவர். ஓர் அங்குல ஃபெரோசிமெண்டுப் பலகை 2 அடிக்கு 8 அடி என்றால் 95 கிலோவுக்குள்; நாலு பேர் மூச்சுப் பிடிக்காமல் தூக்கலாம். நாளைக்கு முன்னறை கடையாக வேண்டுமென்றால் இரண்டு பலகையை உருவி ஷட்டர் மாட்டிக்கொள்ளலாம்.

கெட்டி அறையில் இப்போதே செய்ய வேண்டிய சின்ன வேலைகள் உண்டு. பிற்பாடு கதவு வரக்கூடிய இடங்களில் இன்றே லிண்டல் போட்டு, கீழே சுண்ணாம்புக் கலவையில் கல் அடைத்துவிடுவது. வேண்டும்போது சுவர் அதிராமல் கல்லை எடுக்கலாம். இன்னொன்று மாடிக் கம்பி. மேலே கட்டுவோம் என்று தூணுக்கு மேல் மூன்றடிக் கம்பியை விட்டு வைப்பது வழக்கம். மேலே கட்டும் வருஷம் வருவதற்குள் கம்பி பாதி கரைந்திருக்கும், துரு தூணுக்குள்ளும் இறங்கியிருக்கும். அந்தக் கம்பியைச் சிமெண்டு குறைவான கலவையால் மூடி வைத்தால் செலவு ஒரு மூட்டைக்குள். கொத்தனார்களுக்கு இது தெரியாமல் இல்லை. அந்த ஒரு மூட்டையைக் கேட்க ஆளில்லை. தரைமட்டமும் அப்படித்தான். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு உயர்கிறது, வீடு பள்ளமாகிறது. இன்றைய தெருவுக்கு மேல் மூன்றடி என்று தொடங்கினால் பேரன் காலத்திலும் படி இறங்கி வீட்டுக்குள் போக நேராது.

இவ்வளவும் செய்யக்கூடியதாக இருந்தும் செய்யப்படாமல் இருப்பதற்குக் காரணம் பொறியியல் இல்லை, தவணை. வீட்டு வசதித் திட்டங்களில் பணம் கட்டடத்தின் படிநிலை பார்த்து வருகிறது: அடித்தளம், லிண்டல், கூரை என்று ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துப் பதிவேற்ற வேண்டும். பலகையைப் பட்டறையில் வார்த்து ஒரே நாளில் நிறுத்தும் வீட்டுக்கு லிண்டல் மட்டம் என்று ஒன்று கிடையாது. பலகைக்கு முன்பணம் கேட்கும் பட்டறைக்காரருக்குக் கொடுக்க அந்தக் கட்டத்தில் வீட்டுக்காரர் கையில் காசும் இருக்காது. படத்துக்காகவே பழைய முறையில் கட்டுவதுதான் மிச்சம். தவணையைப் படிநிலைக்குப் பதிலாகப் பாகத்தோடு கட்டலாம்: அஸ்திவாரமும் கெட்டி அறையும் முதல் தவணை, தூணும் கூரையும் இரண்டாவது, பலகைகள் பட்டறையில் எண்ணிக் காட்டினால் மூன்றாவது. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.

கடைசிச் சிக்கல் இணைப்பு. பலகை வீட்டில் மழை எப்போதும் இரண்டு பலகை சேரும் கோட்டில்தான் உள்ளே வரும், அதுவும் வடகிழக்குப் பருவக் காற்று கிழக்குச் சுவரில் அறையும்போது. செங்கல் வீடு ஒழுகினால் கட்டிய மேஸ்திரியை வீட்டுக்கே போய்க் கூப்பிடலாம். பலகை ஒழுகினால் பட்டறைக்காரர் கோத்தவனைக் கைகாட்டுவார், கோத்தவன் பட்டறையைக் காட்டுவான். வார்ப்பதும் கோப்பதும் ஒரே கையில் இருந்து, முதல் மூன்று மழைக்காலத்துக்கு அந்தக் கையே பொறுப்பேற்று, அதற்கான தொகையைக் கொம்யூன் பஞ்சாயத்து நிறுத்தி வைத்துக் கொடுத்தால், காம்பவுண்டு பலகை வார்க்கும் பட்டறைகளே வீட்டுப் பலகைக்கும் வந்துவிடும். அச்சும் ஆளும் அவர்களிடம் ஏற்கனவே இருக்கிறது. மாற வேண்டியது கலவையும் வலையும்தான்.